குளிர்காலையில் கிளம்பாத மோட்டார் சைக்கிள்: காரணத்தை நாமே கண்டறிவோம்



டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு நோர்வூட் பக்கத்து லயங்களைக் கடந்து சென்றால் ஒரு சத்தம் தவறாமல் கேட்கும். மோட்டார் சைக்கிளின் கிக்கரை மிதிக்கும் சத்தம் அது. பத்துத் தடவை, இருபது தடவை மிதித்தும் எஞ்சின் பிடிப்பதில்லை. அதற்குள் பால் எடுக்கும் நேரம் முடிந்துவிடுகிறது. மரக்கறி லொறி புறப்பட்டுவிடுகிறது. அன்றைய கூலியும் அதோடு போய்விடுகிறது.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியால் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் விளைந்த நிலத்தை மண் மூடியதால் உறவினர் வீடுகளிலும் தற்காலிக இடங்களிலும் தங்க நேர்ந்த குடும்பங்கள் நம் வாசகர்களிடையே உண்டு. வேறு காலத்தில், வேறு காரணத்தால் வவுனியா, கிளிநொச்சிப் பக்கமிருந்து மலைக்குத் திரும்பியவர்களும் உண்டு. நிலம் போனபின் சில வீடுகளில் மிஞ்சியிருப்பது ஒரு மோட்டார் சைக்கிள் மட்டுமே. அதற்கும் லீசிங் தவணை முடிந்திராது. கூலி வேலைக்குப் போவதும், பிறர் தோட்டத்து மரக்கறியை வாங்கி விற்பதும், நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு ஓடுவதும் அந்த வண்டியை நம்பித்தான்.

ஆகவே வண்டி கிளம்பாத காலையில் நாம் பதறிப்போகிறோம். எஞ்சினே போய்விட்டது என்று எண்ணி, கடன் வாங்கிக்கொண்டு கராஜுக்குத் தள்ளிச் செல்கிறோம். ஆனால் குளிரில் மட்டும் கிளம்ப மறுத்து, சூடேறியதும் நன்றாக ஓடும் வண்டி பெரும்பாலும் பெரிய பழுதுள்ள வண்டி அல்ல. சிறு குறை ஒன்றைக் குளிர் வெளியே காட்டுகிறது, அவ்வளவே. காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தால் அந்தக் குறையை நாமே கண்டறியலாம். அந்த ஒழுங்கைக் கற்பதே இன்றைய பாடம்.

மலையில் ஏன் இந்தத் தொல்லை?

எஞ்சின் ஓட மூன்று பொருட்கள் தேவை: பெற்றோல், காற்று, தீப்பொறி. இதில் நாம் மறந்துவிடும் உண்மை ஒன்று உண்டு. திரவமாக இருக்கும் பெற்றோல் எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. மூடுபனி நாளில் கொடியில் போட்ட துணி காயாமல் கிடப்பதைப் பார்க்கிறோம். குளிரில் பெற்றோலுக்கும் அதுவே நேர்கிறது. அது ஆவியாகாமல் துளித்துளியாகக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காபரேட்டர் பெற்றோலைக் கொடுத்தும் எஞ்சினுக்குள் எரியத்தக்க ஆவி போதாது.

உயரம் கூடக் கூட, ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் வெப்பம் குறைகிறது. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. நோர்வூட்டும் 1,000 மீற்றருக்கு மேற்பட்ட இடமே. ஆகையால் வவுனியாவில் ஒரே மிதியில் கிளம்பிய வண்டி இங்கே முரண்டு பிடிப்பதில் வியப்பில்லை.

உயரத்தில் காற்றும் மெலிந்துவிடும். 1,200 மீற்றர் உயரத்தில் காற்றமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட எட்டில் ஒரு பங்கு அளவு குறைவு. கீழ்நாட்டில் சரிசெய்த காபரேட்டர் இங்கே காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுக்கும். இதனால் குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் போதாமலும், சூடேறிய எஞ்சினுக்கு அதே பெற்றோல் கூடியும் போகிறது. காலையில் சோக் தேவைப்படுவதும், சிறிது நேரத்தில் அதை மறக்காமல் தள்ளிவிட வேண்டியிருப்பதும் இதனாலேயே.

குளிரில் எஞ்சின் ஒயில் தேன் போலத் தடிக்கும். பற்றரியின் வலிமை குறையும். மூடுபனியின் ஈரம் பிளக் வயரில் படியும். இவை எல்லாம் ஒரே காலையில் சேர்ந்து வருகின்றன.

சோதிக்கும் ஒழுங்கு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அதனால் நம்மிடையே ஓடுபவற்றில் பல காபரேட்டர் உள்ள பழைய வண்டிகளே. கீழே உள்ள ஆறு படிகள் அவற்றுக்கு உரியவை. ஒரு படியை முடித்த பின்பே அடுத்த படிக்குப் போக வேண்டும். ஒரே நேரத்தில் நான்கைக் கழற்றினால் எதனால் சரியானது என்பது தெரியாது.

1. கிளப்பும் முறை. முதலில் டாங்கிக்குள் பெற்றோல் உண்டா என்றும், டாங்கிக்குக் கீழே உள்ள திருகி திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சோக்கை முழுமையாகப் போடுங்கள். சாவியைப் போடாமலே மூன்று நான்கு தடவை மெதுவாக மிதியுங்கள். இதனால் பெற்றோல் ஆவி எஞ்சினுக்குள் இழுக்கப்படும். பிறகு சாவியைப் போட்டு, எக்சலேட்டரைத் தொடாமல் ஒரே சீராக, பலமாக மிதியுங்கள். சோக் போட்டிருக்கும்போது எக்சலேட்டரைத் திருகினால் இழுவிசை குறைந்து சோக்கின் பயன் போய்விடும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். எஞ்சின் பிடித்ததும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஓடவிட்டு, சோக்கைப் பாதியாக்கி, பின் முழுதாகத் தள்ளிவிடுங்கள். சோக் போட்டும் போடாமலும் வண்டியில் ஒரு வித்தியாசமும் தெரியாவிட்டால், சோக் கம்பி அறுந்திருக்கலாம் அல்லது இறுகியிருக்கலாம். அதையும் பாருங்கள்.

2. பெற்றோல் நிரம்பி மூச்சடைத்தல். பலமுறை மிதித்தபின் பெற்றோல் மணம் பலமாக அடித்தால் உள்ளே பெற்றோல் கூடிவிட்டது என்று பொருள். இனியும் சோக் போட்டு மிதிப்பது வீண். சாவியை எடுத்து, திருகியை மூடி, சோக்கைத் தள்ளிவிட்டு, எக்சலேட்டரை முழுமையாகத் திறந்து பிடித்தபடி எட்டுப் பத்துத் தடவை மிதியுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, திருகியைத் திறந்து, சோக் இல்லாமல் கிளப்பிப் பாருங்கள்.

3. பெற்றோலின் தரம். பெற்றோலில் இலேசாக ஆவியாகும் பகுதியும் மெதுவாக ஆவியாகும் பகுதியும் உண்டு. குளிரில் எஞ்சினைக் கிளப்புவது இலேசான பகுதியே. வண்டி பல வாரங்கள் ஓடாமல் நின்றால் முதலில் பறந்துபோவதும் அதுவே. நீங்கள் முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்த காலத்தில் வண்டி வேறோரிடத்தில் நின்றிருந்தால் இதையே முதலில் சந்தேகியுங்கள். காபரேட்டரின் அடிக் கிண்ணத்தில் ஒரு சிறு வடிகால் ஸ்குரூ இருக்கும். அதைத் தளர்த்தி, வரும் பெற்றோலைத் தெளிவான கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தேங்கி நின்றால் குற்றவாளி அதுதான். மழைக் காலத்தில் பாதி நிரம்பிய டாங்கிக்குள் இரவில் ஈரம் படிந்து இப்படித் தண்ணீர் சேர்வதுண்டு.

மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலும் காலையில் தொல்லை தரும். வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டுக் காற்றில் காயவிடுங்கள். சுத்தமான பெற்றோல் கறையின்றி உலரும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் சிலர் கற்றுக்கொண்ட இந்தக் கலப்பு எஞ்சினைக் கரியாக்கும். காசு மிச்சம் போலத் தோன்றினாலும் முடிவில் நஷ்டமே.

4. பிளக். ஒரு பிளக் ஸ்பேனர் வீட்டுக்கு ஒன்று இருப்பது நல்லது. பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். வைத்தியர் நாக்கைப் பார்த்து நோய் அறிவதுபோல, பிளக்கைப் பார்த்து எஞ்சினின் நிலையை அறியலாம்.

- மங்கிய பழுப்பு நிறம், உலர்ந்தது: நல்ல நிலை.
- உலர்ந்த கறுப்புக் கரி: பெற்றோல் கூடுதல். சோக் முழுதாகத் திரும்பாதது, எயார் பில்டர் அடைத்தது, காபரேட்டர் மலைக்கேற்பச் சரிசெய்யப்படாதது ஆகியவற்றில் ஒன்று காரணம்.
- எண்ணெய்ப் பிசுக்குள்ள கறுப்பு: எஞ்சின் ஒயில் உள்ளே கசிகிறது. இது கராஜ் வேலை.
- பெற்றோலில் நனைந்தது: மூச்சடைத்தது அல்லது தீப்பொறி வரவில்லை.
- வெளுத்த சாம்பல் நிறம்: பெற்றோல் குறைவு அல்லது எங்கோ காற்றுக் கசிவு.

கரியைப் பித்தளைத் தூரிகையாலோ பழைய பல் துலக்கும் தூரிகையாலோ துடையுங்கள். முனைகளுக்கு இடையிலான இடைவெளி பல சிறு வண்டிகளுக்கு 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் கைநூலில் உள்ள அளவே சரியானது.

தீப்பொறியைச் சோதிக்கும்போது கவனம் தேவை. சிந்திய பெற்றோலை முதலில் துடைத்துவிடுங்கள். பிளக் துவாரத்தைத் துணியால் மூடுங்கள். கழற்றிய பிளக்கை அதன் தொப்பிக்குள் செருகி, துவாரத்திலிருந்து தள்ளி, எஞ்சினின் உலோகப் பகுதியில் பதியவைத்து, உலர்ந்த துணியால் பிடித்தபடி சாவியைப் போட்டு மிதியுங்கள். நீல நிறத்தில் சுளீரென்று பாய்ந்தால் நல்ல தீப்பொறி. மஞ்சளாக, மெலிந்து வந்தால் பிளக், தொப்பி, வயர் ஆகிய மூன்றில் ஒன்றில் குறை உண்டு. வெடித்த தொப்பியில் மூடுபனியின் ஈரம் இறங்கினால் மின்சாரம் வெளியே கசிந்துவிடும். மத்தியானம் நன்றாகக் கிளம்பி, ஈரமான காலையில் மட்டும் கிளம்பாத வண்டியில் இந்தக் குறையை அவசியம் பாருங்கள்.

5. காற்றும் ஒயிலும். எயார் பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தாள் வகையானால் மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்க்கலாம், கழுவக் கூடாது. ஸ்பொஞ்ச் வகையானால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, கைநூல் சொல்லும்படி சிறிது ஒயில் தடவிப் போடலாம். எஞ்சின் ஒயிலிலும் வித்தியாசம் உண்டு. கீழ்நாட்டு வெப்பத்தில் நன்றாக உழைக்கும் 20 டபிள்யூ 50 தர ஒயில், மலைக் காலையில் தடித்து நிற்கும். முதல் இலக்கம் சிறிதாக இருக்க இருக்க, குளிரில் ஒயில் இலகுவாக ஓடும். உங்கள் வண்டியின் கைநூல் 10 டபிள்யூ 30 தரத்தை அனுமதித்தால் அடுத்த முறை அதைப் போடலாம். அனுமதிக்காததைப் பிறர் சொல்கேட்டுப் போடாதீர்கள்.

6. பற்றரி. செல்ப் ஸ்டார்ட் 'டிக், டிக்' என்று ஒலித்து நின்றுவிட்டால் பற்றரி தளர்ந்துள்ளது. முழுதாக ஏறிய 12 வோல்ற் பற்றரி, வண்டி ஓடாத நிலையில் 12.6 வோல்ற்றுக்குக் குறையாமல் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. முனைகளில் படிந்த வெண்பொடியைச் சுடுநீரால் கழுவி, உலர்த்தி, சிறிது கிறீஸ் தடவுங்கள். கிக்கர் உள்ள வண்டியானால் காலையின் முதல் கிளப்பலைக் கிக்கரால் செய்தால் பற்றரி நீடிக்கும்.

பெற்றோல் இன்ஜெக்ஷன் உள்ள புதிய வண்டியில் பெரும்பாலும் சோக் இராது. சாவியைப் போட்டதும் பெற்றோல் பம்ப் 'உம்' என்று ஒலித்து நிற்கும்வரை இரண்டு மூன்று விநாடி பொறுத்துக் கிளப்புங்கள். எக்சலேட்டரைத் தொட வேண்டாம். பற்றரி முழுதாக இறங்கிவிட்டால் பம்ப் இயங்காது. அப்போது தள்ளிக் கிளப்புவதும் கைகொடுப்பது அரிது.

வெள்ளத்திலும் சேற்றிலும் நின்ற வண்டி

இதை ஒருபோதும் உடனே மிதிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், காற்றைப் போல அது அமுங்காது. மிதிக்கும் விசையில் உள்ளே கம்பி வளையும். முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயில் பால் தேநீர் நிறமாக மாறியிருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது. அதை முழுதும் வடித்துப் புது ஒயில் விட்டு, சிறிது நேரம் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை மாற்றுங்கள். டாங்கியையும் காபரேட்டரையும் வடித்துக் கழுவுங்கள். எயார் பில்டர் பெட்டி, சைலன்சர் ஆகியவற்றில் சேறு இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிரேக்கையும் சுத்தம் செய்யாமல் வீதியில் இறக்காதீர்கள். ஒயிலுக்குச் செலவாகும் சிறு தொகையை மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினையே இழக்க வேண்டாம்.

செய்யவே கூடாதவை

குளிரைப் போக்க எஞ்சினுக்குக் கீழே தீப்பந்தம் பிடிப்பதும் கடதாசி எரிப்பதும் கொலைக்கு ஒப்பான செயல். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது தரையோடு தவழ்ந்து பக்கத்து அறையின் அடுப்பையும் தேடிப் போகும். லயத்தில் ஓர் அறையில் பற்றும் தீ ஓர் அறையோடு நிற்பதில்லை என்பது நாம் எல்லோரும் அறிந்த துயரம். குப்பி விளக்கின் வெளிச்சத்தில் காபரேட்டரைக் கழற்ற வேண்டாம், டோர்ச் பயன்படுத்துங்கள்.

களவுக்கும் மழைக்கும் அஞ்சி வண்டியை வீட்டுக்குள் நிறுத்துகிறோம். அது நியாயம். ஆனால் உள்ளேயே கிளப்பிச் சூடேற்றக் கூடாது. சைலன்சர் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு யன்னல் அடைத்த அறையில் தூங்கும் குழந்தையை அது எழுப்பாமலே கொன்றுவிடும். எத்தனை குளிரானாலும் வண்டியை வெளியே தள்ளிய பின்பே கிளப்புங்கள்.

பெற்றோலை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இறக்கத்தில் உருட்டி இரண்டாம் கியரில் கிளப்புவது மலைநாட்டுப் பழக்கம். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ஈரமான வளைவு வீதியில், தலைக்கவசம் இன்றி, பின்னால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு அப்படிச் செய்யலாகாது. அன்றாடம் அப்படிக் கிளப்புகிறவர் குறையைத் தீர்ப்பதில்லை, தள்ளிப்போடுகிறார்.

இரவிலே செய்யும் ஆயத்தம்

காலைத் தொல்லையில் பாதி முந்திய மாலையிலேயே தீர்ந்துவிடும். வண்டியைக் காற்றும் சாரலும் படாத சுவர் ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் சாக்கு அல்லது தறப்பாளால் மூடுங்கள். சூடான சைலன்சர் மீது தறப்பாள் பட்டால் உருகிவிடும். இயன்றவரை டாங்கியில் பெற்றோல் குறைந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருகியை மூடுங்கள். பிளக் தொப்பியைத் துடைத்துவிடுங்கள். மறுநாள் பத்து நிமிடம் முன்னதாக எழும்புங்கள். நற்செய்தியிலே எண்ணெய் ஆயத்தத்துடன் காத்திருந்த கன்னியரின் உவமையை நாம் அறிவோம். ஆயத்தம் என்பது ஆன்மீகத்துக்கு மட்டும் உரிய புண்ணியம் அல்ல.

கராஜுக்குப் போக வேண்டிய வேளை

ஆறு படிகளும் முடிந்தும் வண்டி கிளம்பாவிட்டால், அல்லது கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் இலேசாக இறங்கினால், அழுக்கம் குறைந்திருக்கலாம். வால்வு இடைவெளி இறுகியிருப்பதும் ரிங் தேய்ந்திருப்பதும் இதற்குக் காரணமாகும். வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறியிருக்கும்போதே அளக்க வேண்டும். ஆகவே வண்டியை மாலையில் விட்டு, காலையில் பார்க்கச் சொல்லுங்கள். காபரேட்டரை மலை உயரத்துக்கேற்பச் சரிசெய்யும்படியும் கேளுங்கள்.

மெக்கானிக்கிடம் "ஸ்டார்ட் ஆகுதில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "காலையில் மட்டும் இப்படி; சோக் வேலை செய்கிறது; தீப்பொறி நீலமாக வருகிறது; பெற்றோலில் தண்ணீர் இல்லை; பிளக் கறுப்பாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். அவருடைய நேரமும் உங்கள் காசும் மிச்சமாகும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பது அவமரியாதை அல்ல, நம் உரிமை.

அன்பார்ந்தவர்களே, மண்சரிவு நிலத்தைக் கொண்டுபோகலாம். ஆனால் பயிரின் இலையைப் பார்த்து நோயைக் கண்டறிந்த கண்ணும், காரணம் தேடும் அறிவும் நம்மோடுதான் இருக்கின்றன. அதே கண்ணால் இந்த இயந்திரத்தையும் பாருங்கள். இப்பாடத்தை வீட்டில் வண்டி ஓட்டுபவர் மட்டும் படித்தால் போதாது. தாய்மாரும் பிள்ளைகளும் அறிந்திருந்தால், நள்ளிரவு அவசரத்தில் யாராவது ஒருவருக்கு நினைவு வரும்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது லயத்தில் அல்லது தங்கியுள்ள இடத்தில் எத்தனை வண்டிகள் காலையில் கிளம்பத் தொல்லை தருகின்றன? ஒவ்வொன்றிலும் எந்தப் படியில் காரணம் தெரிந்தது?

2. பிளக் ஸ்பேனர், இடைவெளி அளக்கும் தகடு, வோல்ற் மீற்றர் ஆகியவற்றை ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பொதுவாக வைக்க முடியுமா? யார் பொறுப்பேற்பது?

3. வண்டிகளை வீட்டுக்குள் நிறுத்தும் குடும்பங்கள், பெற்றோலையும் அடுப்பையும் விலக்கி வைக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

4. இரவில் நோயாளியைக் கொண்டுசெல்ல ஒரு வண்டி கிளம்பாவிட்டால், அடுத்து யாருடைய வண்டி என்று முன்கூட்டியே முடிவு செய்துள்ளோமா?